சர்க்யூட்ல ≥1 பொட்டி, போர்டுல 7400. ஐசி மாத்திப் போட்டுட்டாங்களா?

நிட்டிங்_மெக்கானிக் (திருப்பூர்):
வணக்கமுங்க. பழைய ஜெர்மன் நிட்டிங் மிஷினுங்க, நூல் அறாமயே சும்மா சும்மா நின்னுக்குது. சர்க்யூட் தாள்ல கேட் எல்லாமே வெறும் பொட்டியா போட்டிருக்கு. ஸ்டாப் மோஷன் (நூல் அறுந்தா மிஷினை நிறுத்தற சுவிட்சு) மேல் லைன், கீழ் லைன் ரெண்டும் போற பொட்டிக்குள்ள ≥1. இன்புட் ரெண்டுலயும் சின்ன வட்டம், அவுட்புட்ல வட்டமே இல்லீங்க. ≥1னா ஆர் கேட்டுன்னாங்க, ஆனா போர்டுல இருக்கறது 74எல்எஸ்00, நேண்ட். முன்னாடி சர்வீஸ் பார்த்தவரு மாத்திப் போட்டுட்டாராட்ட இருக்குது. ஆர் கேட் ஐசி 7432 வாங்கிப் போடட்டுங்களா?

பாலிடெக்னிக்_வாத்தியார் (கோவை):
போட்டுராதீங்க தம்பி. ஐசி சரியாத்தான் இருக்குது. அந்தப் பொட்டி ஐஇசி 60617ங்கற சர்வதேச வரைபட முறை. நம்ம புஸ்தகத்துல வர்ற வளைஞ்ச உருவம் அமெரிக்கக்காரங்க பழக்கம். & போட்டா ஆண்ட் (ரெண்டு இன்புட்டும் ஹை, அதாவது 5 வோல்ட் பக்கம் இருந்தாத்தான் அவுட்புட் ஹை), ≥1 ஆர் (ஒண்ணாவது ஹையானா ஹை), =1 எக்ஸ்ஆர் (ஒண்ணு மட்டும் ஹையானா ஹை). வட்டம் எங்க இருக்குதோ அங்க தலைகீழ். இன்புட் ரெண்டையும் தலைகீழாக்கி ஆர் பண்ணுனா டி மார்கன் விதிப்படி அது நேண்டேதான், அதாவது அவுட்புட்டைத் தலைகீழாக்குன ஆண்ட். ட்ரூத் டேபிள் (எந்த இன்புட்டுக்கு என்ன அவுட்புட்டுங்கற அட்டவணை) போட்டுப் பாருங்க, நாலு வரியும் ஒத்துப்போகும்.

நிட்டிங்_மெக்கானிக்:
அப்பறம் நேரா & போட்டு அவுட்புட்ல வட்டம் வெச்சிருந்தா என்னங்ண்ணா? எதுக்கு இந்தக் கோளாறு?

பாலிடெக்னிக்_வாத்தியார்:
வரைஞ்சவன் விவரமாத்தான் வரைஞ்சிருக்கான். எந்த லைன் லோ (0 வோல்ட் பக்கம்) ஆனாலும் மிஷின் நிக்கோணும், அது படத்துலயே தெரியுது பாருங்க. நூல் அறுந்தா அந்த லைன் கிரவுண்டுக்குப் போகுமில்ல?

நிட்டிங்_மெக்கானிக்:
ஆமாங்க. 1ம் பின்ல 4.9 வோல்ட், 2ல 0.1, அவுட்புட் 3ல 3.5தான் வருது. 5 வரோணுமில்லீங்களா?

பல்லடத்தான்:
எல்எஸ் ஐசிக்கு ஹை 3.5 வந்தாலே போதுமுங்க. 2ம் பின்னுதான் வில்லங்கம், அதை யாரோ கீழ இழுக்கறாங்க. அந்த லைன் கனெக்டரைக் கழட்டிட்டு அளந்து பாருங்க. 5 பக்கத்துல ஏறுச்சுன்னா ஐசியும், லைனை 5 வோல்ட்டுக்கு இழுத்து வெக்கற புல்லப் ரெசிஸ்டரும் நல்லா இருக்குது, தப்பு வெளிய. ஏறலீன்னா 2ம் பின்னைத் தூக்கிவிட்டு டிராக்கைத் தனியா பாருங்க.

நிட்டிங்_மெக்கானிக்:
கழட்டுனதும் 4.9 வந்துருச்சுங்க! கீழ் லைன்ல ஒவ்வொரு ஸ்டாப் மோஷனா கழட்டிக்கிட்டே வந்தேன். ஒண்ணுல மட்டும் பஞ்சும் ஆயிலும் சேர்ந்து அப்பிக்கிட்டு, கம்பி திரும்பாம காண்டாக்ட்லயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. தொடச்சுப் போட்டதுல ஓடுதுங்க.

பல்லடத்தான்:
அக்கட்ட இருக்கற மத்ததையும் ஏர் அடிச்சு விட்டுருங்க, ஒண்ணு அப்படின்னா மிச்சமும் அப்படித்தான் இருக்கும்.

நிட்டிங்_மெக்கானிக்:
செஞ்சர்றனுங்க. இன்னொண்ணுங்க வாத்தியாரே, அடுத்த தாள்ல பொட்டிக்கு உள்பக்கம் இன்புட் ஓரமா சின்ன முக்கோணம், அதுக்கு வெளிய ஒட்டுனாப்ல வட்டம். அது என்னங்க?

பாலிடெக்னிக்_வாத்தியார்:
முக்கோணம் கிளாக் இன்புட். வட்டமும் சேர்ந்தா சிக்னல் ஹையில இருந்து லோவுக்கு இறங்கறப்பத்தான் ஃப்ளிப் ஃப்ளாப் (0 இல்ல 1ஐ ஞாபகம் வெக்கற சர்க்யூட்) மாறும். சர்க்யூட்டோட ஐசி நம்பரையும் போடுங்க தம்பி, பின் பின்னா பார்த்துரலாம்.