முப்பது பேருடன் காட்டில் ஒரு திருமணம்: ஒன்ராறியோவில் எங்கே, எந்த வாரம்?

வன்னிமகள் (கேள்வி)

வணக்கம். நான் ஸ்காபரோவில் வளர்ந்தவள். நான் மணக்கவிருப்பவர் ஹமில்ரனில் வசிப்பவர். எங்கள் இரு குடும்பங்களிலும் இதுவரை நடந்த திருமணங்கள் எல்லாம் ஐந்நூறு, அறுநூறு பேர் கூடிய மண்டபங்களில் நடந்தவை. படம் எடுத்துக்கொள்ள நிற்கும் வரிசை முடிவதற்குள் மணமக்கள் களைத்துவிடுவதையும், தூரத்திலிருந்து வந்த உறவினர்களோடு ஒரு சொல் பேச முடியாமல் போவதையும் சிறு வயதிலிருந்தே பார்த்து வந்திருக்கிறோம். ஆகவே மிக நெருங்கிய முப்பது பேரை மட்டும் அழைத்து, மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும் ஒரு காட்டின் நடுவே, எங்கள் சடங்குகளில் எதையும் விட்டுவிடாமல் தாலி ஏற வேண்டும் என்று இருவரும் ஆசைப்படுகிறோம்.

என் மனத்தில் இருந்தது அல்கோன்குவின் பூங்கா. ஆனால் அங்கே நிறம் உச்சத்தில் இருக்கும் நாட்கள் புரட்டாதி மாதத்தில் விழுகின்றன. புரட்டாதியில் மகாளயம் வரும், சனி விரதம் வரும், அந்த மாதத்தில் நல்ல காரியம் தொடங்குவதில்லை என்று அம்மம்மா உறுதியாகச் சொல்கிறார். எண்பத்திரண்டு வயதில் எனக்காகக் காட்டுக்கு வரச் சம்மதித்தவரிடம் மாதத்தையும் விட்டுக்கொடுக்கும்படி கேட்க எனக்கு மனமில்லை. ஐப்பசி பிறந்த பின் செய்தால் இலைகள் எஞ்சியிருக்குமா? காட்டில் அக்கினி வளர்க்க அனுமதி கிடைக்குமா? இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

மலைவிளிம்பு நடையன்

தங்கச்சி, மாதத்தை மாற்ற வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். அல்கோன்குவினின் மேற்குப் பகுதியில் உள்ள சர்க்கரை மேப்பிள்கள் பெரும்பாலும் செப்டெம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள் உச்சநிறம் அடைந்துவிடும். ஐப்பசி பிறப்பதோ அக்டோபர் 17 அல்லது 18 அளவில். அப்போது அங்கே போனால் மேப்பிள்கள் வெறுங்கிளைகளாகவே நிற்கும். டமரக் என்னும் மரம் மட்டும், ஊசியிலை மரமாக இருந்தும் குளிர்காலத்துக்கு முன் இலையுதிர்க்கும் இயல்புடையது என்பதால், சதுப்பு நிலங்களின் ஓரத்தில் பொன்னிறமாக நிற்கும். அதுவும் அழகுதான், ஆனால் நீங்கள் தேடும் சிவப்பு அதுவன்று.

நிறம் வடக்கிலிருந்து தெற்காக இறங்கி வருகிறது. அல்கோன்குவின் உதிர்ந்து முடியும் வேளையில் ஹமில்ரன், டன்டாஸ், மில்ரன் பக்கத்து நயாகரா மலைவிளிம்புக் காடுகள் சிவக்கத் தொடங்கி, அக்டோபர் நடுப்பகுதியைத் தாண்டியும் நிறம் காட்டும். அங்கே மேப்பிளோடு ஓக் மரங்களும் கலந்திருக்கின்றன. மேப்பிள் உதிரத் தொடங்கிய பிறகும் ஓக் இலைகள் செம்பழுப்பாகக் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைபனி விழாத குளிரும் தொடர்ந்தால் சிவப்பு ஆழமாகும். மழையும் மேகமுமாகப் போனால் மங்கிவிடும், பெருங்காற்று அடித்தால் இரண்டே நாளில் கொட்டிவிடும். ஆகவே நிறம் உச்சமாக இருக்கும் என்று எவரும் உறுதி தர முடியாது. ஆனால் மரத்தில் இருக்க வேண்டிய இலை தரையில் கிடந்தாலும் அந்தக் காடு அழகுதான் என்பதைப் பல ஆண்டுகள் நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

புகழ்பெற்ற பாறைமுனைகளை விட்டுவிடுங்கள். அங்கே இலையுதிர் காலத்தில் முன்பதிவு செய்தே நுழைய வேண்டியிருக்கிறது, அந்நியர்களின் நடுவே மணவறை வைக்கவும் முடியாது. தனியார் பண்ணைகள் சிலவற்றில் சொந்தமாகவே சிறு காடு உண்டு. முப்பது பேருக்கு அதுவே ஏற்றது. பொதுக் காப்புப்பகுதியைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள் என்றால் குழுவாகக் கூடுவதற்கு எழுத்தில் அனுமதி பெறுங்கள்.

மூத்தவளின் அப்பா

மகள், எங்கள் மூத்த பிள்ளைக்கு இதே ஐப்பசியில், ஒரு பண்ணையின் பின்புறத்துக் காட்டில், முப்பத்தாறு பேருடன் திருமணம் செய்து வைத்தோம். எங்கள் பிழைகள் உங்களுக்குப் பயன்படட்டும் என்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அக்கினி. காய்ந்த சருகுகளின் மேல் தீ வளர்ப்பது எவ்வளவு ஆபத்து என்பதை விளக்கத் தேவையில்லை. ஒன்ராறியோவில் காட்டுத்தீக் காலம் என்று சட்டம் வகுத்திருப்பது ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை. தெற்கே ஒவ்வொரு நகரசபைக்கும் திறந்தவெளித் தீ பற்றித் தனி விதி உண்டு. நாங்கள் நகரசபையிடமும் நிலத்துக்காரரிடமும் முன்கூட்டியே கேட்டு, பத்தடி சுற்றளவுக்குச் சருகை வாரி மண் தெரியச் செய்து, கற்பலகை மேல் சிறிய செப்புக் குண்டத்தை வைத்து, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரோடு என் தம்பியை நிறுத்தினோம். விறகை வீட்டிலிருந்து ஏற்றிச் செல்ல வேண்டாம். ஆஷ் மரங்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற மரகத நிற வண்டு இப்படி இடம் மாறிய விறகோடுதான் பெருமளவில் பரவியது. அந்த ஊரிலேயே வாங்குங்கள்.

அடுத்தது குளிர். அக்டோபரில் ரொறன்ரோப் பக்கத்தில் பகலின் சராசரி உச்ச வெப்பம் 14 பாகை அளவே. மரநிழலில் அதைவிடக் குறைவாகத் தோன்றும். கூடாரமும் சூடேற்றியும் வாடகைக்குச் சொல்லியிருந்தோம், கூடாரம் மட்டுமே வந்தது. மாப்பிள்ளை மேலுக்குச் சால்வை மட்டும் போர்த்தி அரை மணி நேரத்துக்கு மேல் அமர்ந்திருந்தார். தாலிக்கொடியைக் கழுத்தில் இட்டு, அதன் இரு முனைகளையும் இணைக்கும் திருகாணியான சுரையைப் பூட்ட வேண்டிய நேரத்தில் விரல்கள் விறைத்துப்போய், அந்தச் சிறிய சுரை புரியில் ஏறாமல் மூன்று முறை நழுவியது. மேளம் ஓங்கி அடித்துக்கொண்டே இருக்கிறது, என் மகள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மாப்பிள்ளையின் தமக்கை தன் உள்ளங்கைகளுக்குள் அவர் விரல்களை வைத்து ஊதிச் சூடாக்கிய பிறகே நான்காவது முறை பூட்ட முடிந்தது. ஐந்நூறு பேர் இருந்த மண்டபமாக இருந்தால் அந்தக் காட்சியை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். அங்கே முப்பத்தாறு பேரும் கண்டோம். என் மனைவி இன்றும் அதைச் சொல்லும்போது கண் கலங்குகிறாள். இருந்தாலும் நீங்கள் கையைச் சூடாக்கும் சிறு பைகளை மறக்காமல் கொண்டு போங்கள். மணவறைக்குப் பின்னால் யாராவது ஒருவர் அவற்றை வைத்திருக்கட்டும்.

கூறைச் சேலைக்கு உள்ளே குளிர்கால உள்ளாடை அணியலாம், வெளியே தெரியாது. குத்துவிளக்கைக் காற்றில் காக்கக் கண்ணாடிக் கூண்டு வேண்டும். உண்ணிகளையும் மறக்கக் கூடாது. லைம் நோயைப் பரப்பும் கறுங்கால் உண்ணி குளிர் வந்ததும் ஒழிந்துவிடுவதில்லை. வெப்பம் 4 பாகைக்கு மேல் இருக்கும் நாட்களில் இலையுதிர் காலத்திலும் நடமாடும். வெள்ளை வேட்டியில் அது எளிதாகக் கண்ணில் படும். பட்டுச்சேலையில் படாது. மணவறையிலும் நடைபாதையிலும் பாய் விரியுங்கள், வீட்டுக்குப் போனதும் எல்லோரும் உடலைச் சோதித்துப் பார்க்கட்டும். அம்மம்மாவுக்குக் கழிவறை எவ்வளவு தூரம் என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். நாங்கள் அதைக் கடைசியில் யோசித்ததால் என் மாமியார் மதியம் வரை தண்ணீரே குடிக்காமல் இருந்தார். எனக்கு இன்றும் மனம் ஆறாத விடயம் அதுதான்.

குருக்கள் வீட்டுப் பிள்ளை

அண்ணா எழுதியதோடு இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். ஒன்ராறியோவின் திருமண அனுமதிப் பத்திரம் வழங்கப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்கே செல்லும். மாகாணத்துக்குள் எந்தக் காட்டிலும் அதைக் கொண்டு மணம் முடிக்கலாம், மாகாணத்துக்கு வெளியே முடியாது. இரண்டு சாட்சிகள் வேண்டும். மணம் செய்து வைக்கும் குருக்கள் மாகாணத்தில் பதிவு பெற்றவர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சட்டப்படியான பதிவை நகரசபையில் தனியே செய்துகொள்ள வேண்டும்.

மற்றது முகூர்த்தம். ஊர்ப் பஞ்சாங்கத்து நேரத்தை அப்படியே எடுத்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இராகுகாலம் சூரிய உதயத்திலிருந்து மறைவு வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்துக் கணிப்பது. ஐப்பசி முதல் வாரத்தில் ஹமில்ரனில் சூரியன் காலை ஏழரை மணிக்குப் பிறகே உதித்து மாலை ஆறரை மணியளவில் மறைந்துவிடும். ஆகையால் சனிக்கிழமை இராகுகாலம், ஊரில் சொல்வது போல 9 முதல் 10.30 வரை அமையாமல், இங்கே ஏறத்தாழ 10.20 முதல் 11.40 வரை அமைகிறது. ஊர்க் கணக்கை நம்பிப் பதினொரு மணிக்குத் தாலி கட்டினால் எதைத் தவிர்க்க நினைத்தீர்களோ அதற்குள்ளேயே போய்விடுவீர்கள். இங்குள்ள உதயத்தை வைத்துக் கணித்துத் தரும்படி குருக்களைக் கேளுங்கள்.

வன்னிமகள்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு இவற்றை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சுரை நழுவிய இடத்தில் என்னை நிறுத்தச் சொல்லி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். டன்டாஸ் பக்கம் காட்டோடு கூடிய பண்ணை ஒன்றை இந்த வார இறுதியில் பார்க்கப் போகிறோம். அம்மம்மாவும் உடன் வருகிறார், கழிவறைக்கு உள்ள தூரத்தைத் தானே நடந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அவர் கேட்ட கேள்வி ஒன்று மட்டும் மீதி இருக்கிறது: மரங்களுக்கு நடுவே அருந்ததி பார்ப்பது எப்படி?

மலைவிளிம்பு நடையன்

தங்கச்சி, அம்மம்மாவிடம் சொல்லுங்கள்: ஐப்பசி மாலையில் யாழ்ப்பாணத்து வானில் அருந்ததி பொழுது சாய்ந்த கையோடு தானும் அடிவானத்தை நோக்கி இறங்கிவிடும். ஆனால் இவ்வளவு வடக்கே இருக்கும் நமக்கு அது எந்த இரவிலும் மறைவதே இல்லை. பண்ணையைப் பார்க்கும்போது வடமேற்குப் பக்கம் மரமில்லாத வெளி இருக்கிறதா என்று கவனியுங்கள். மேகம் இல்லாவிட்டால் திருமணத்தன்று இரவு எட்டு மணிக்கு அந்தத் திசையில் சப்தரிஷி மண்டலம் தெரியும். அதன் வாலில் நடுவே நிற்கும் வசிட்டனை ஒட்டியிருக்கும் மங்கலான சிறு புள்ளிதான் அருந்ததி. அம்மம்மாவுக்கு ஒரு தொலைநோக்கியும், தடித்த கம்பளிப் போர்வையும் எடுத்துப் போங்கள்.