எக்ஸ்ரே அறை கட்டும்போது உங்களை யாராவது கேட்டார்களா? அனுபவம் சொல்லுங்கள்

கன்சோல்வாசி:
முதலில் என் கதை. நான் எக்ஸ்ரே எடுக்கும் டெக்னீஷியன். ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். பழைய மருந்துக் கிடங்கைக் காலி செய்து எக்ஸ்ரே அறையாக்கினார்கள். 18 சதுர மீட்டர் இருந்தது, 9 அங்குலச் செங்கல் சுவர், கதவில் 1.7 மி.மீ. ஈயத் தகடு, தாளில் எல்லாம் சரி. செஸ்ட் ஸ்டாண்ட், அதாவது நெஞ்சுப் படத்துக்கு நோயாளி சாய்ந்து நிற்கிற தாங்கி, எங்கே என்பதை மட்டும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. மெஷின் மாட்ட வந்தவர் தனக்குத் தோதான சுவரில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பில்லிங் கவுண்டர். மெஷினிலிருந்து நேராக வரும் கதிர் விழுகிற சுவர் அது, தினமும் அறுபது எழுபது நெஞ்சுப் படம் எடுப்போம்.

கவுண்டரில் இருந்த பெண் கர்ப்பமானபோது, "அண்ணா, நான் இங்க உட்காரலாமா?" என்று கேட்டாள். ஒன்பது அங்குலச் சுவர்மா, பயப்படாதே என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. எனக்கு டி.எல்.டி. பேட்ஜ் (உடம்பில் பட்ட கதிரை அளக்கும் அட்டை) இருக்கிறது, வரம்பு 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிருக்கான அலகு). அவள் கணக்கில் பொதுமக்கள், வரம்பு 1. பேட்ஜும் கிடையாது.

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியான ஆர்.எஸ்.ஓ.வைக் கெஞ்சி, கதிரை அளக்கும் சர்வே மீட்டரோடு வரவழைத்தேன். நான் எக்ஸ்போஷர் கொடுக்கக் கொடுக்க அவர் அந்தப் பக்கம் சுவரோரம் மீட்டரை நகர்த்தினார். சுவர் முழுக்க ஒன்றும் இல்லை, ஒரே இடத்தில் எகிறியது. பிளக் பாக்ஸ்! இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாகச் சுவரைக் குடைந்து பெட்டி பதித்திருக்கிறார்கள், நடுவில் மிஞ்சியது இரண்டு விரல் கனம் செங்கல். அன்றே அவள் நாற்காலி இடம் மாறியது. அப்புறம் பெட்டியை எடுத்து அடைத்து, ஸ்டாண்டுக்குப் பின்னால் ஈயத் தகடும் வைத்தார்கள்.

செங்கல்சூளை:
சார், பாதித் தப்பு கட்டட வேலை செய்கிற எங்கள் ஆட்களுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் கைக்கு வருகிற பிளானில் "ஈயம் 2 மி.மீ." என்று ஒரு வரிதான் இருக்கும், அதை எப்படி வைப்பது என்று ஒருவரும் சொல்வதில்லை. என் முதல் வேலையில் ஆசாரி இரண்டு தகடுகளை விளிம்போடு விளிம்பு ஒட்டவைத்து ஆணி அடித்துவிட்டார், பார்க்க அழகாக இருந்தது. இணைப்பில் தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஈயம் மெத்தென்ற உலோகம் வேறு, சும்மா ஆணியில் தொங்கவிட்டால் தன் கனத்திலேயே வருஷக்கணக்கில் கீழே இறங்கி மேலே இடைவெளி விடும். பிளைவுட்டில் முழுக்க ஒட்டித்தான் வாங்க வேண்டும்.

கதவு இன்னொரு கூத்து. 4 அடிக்கு 7 அடிக் கதவில் 1.7 மி.மீ. என்றால் ஈயம் மட்டுமே 50 கிலோ. சாதாரணக் கீல் போட்டோம். மூன்றே மாதத்தில் கதவு சாய்ந்து, நிலைக்கும் கதவுக்கும் நடுவே விரல் நுழைந்தது. ஈயம் போட்ட கதவைவிட அந்த விரலிடுக்கு பெரிது.

ஜன்னலையும் சொல்லிவிடுகிறேன். 2 மீட்டர் உயரத்துக்கு மேல் என்பார்கள், அது வெளியே நிற்பவனின் தரையிலிருந்து. நான் உள்ளே இருந்து அளந்தேன். வெளியே வண்டி ஏறுகிற சாய்தளம். காவலாளியின் தலை ஜன்னலுக்கு நேரே!

நைட்டூட்டி:
நீங்கள் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் கவலைப்படுகிறீர்கள், கேத் லேப் (எக்ஸ்ரேயில் பார்த்தபடியே இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை செய்யும் அறை) நர்ஸ் நாங்கள் சுவருக்கு உள்ளேயே நிற்கிறோம். கதிர் கிளம்புகிற டியூப் மேசைக்கு அடியில், கதிர் நோயாளி உடம்பில் பட்டுத் தெறிக்கிறது, அதில் அதிகம் கீழ்ப்பக்கம்தான், காலுக்கு. அதற்குத்தான் மேசையோரம் ஈயத் திரை. டாக்டர் கால் இடிக்கிறது என்று அதைச் சுருட்டி மேலே கட்டிவைத்திருப்பார்கள். மேலே தொங்குகிற ஈயக் கண்ணாடியோ, விளக்குக் கையோடு முட்டிக்கொள்ளும், இரண்டையும் ஒரே இடத்தில் மாட்டிவிட்டார்கள், அதனால் மூலையிலேயே தொங்கும். மருந்து டிராலியை இரண்டடி பின்னால் தள்ளக் கேட்டு ஒரு வருஷம் போராடினேன். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கிட்டத்தட்ட கால்வாசி, இதற்குக் காசே ஆகாது. எங்கள் சீனியர் அக்காவின் பேட்ஜ் லாக்கரிலேயே கிடந்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாக்கர் நலமாக இருப்பதாக ரிப்போர்ட் வரும்.

ஊசிக்காரன்:
பெட் ஸ்கேன் (கதிரியக்க மருந்தை ஊசியில் கொடுத்து எடுக்கும் ஸ்கேன்) பக்கம் வாருங்கள், எல்லாம் தலைகீழ். ஊசி போட்ட பிறகு நோயாளிதான் மெஷின். எஃப்.டி.ஜி. என்ற அந்த மருந்தைக் கொடுத்து ஒரு மணி நேரம் படுக்கவைக்கிற அறைக்குத்தான் கனமான சுவர் வேண்டும். அதன் கதிரின் ஆற்றல் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அதற்கு முன்னால் லெட் ஏப்ரன் (ஈயக் கவச அங்கி) வெறும் வேட்டித்துணி. எங்கள் கட்டடத்தில் ஊசி போட்ட நோயாளிகளுக்கான கழிப்பறை ரிசப்ஷனைத் தாண்டி இருந்தது! ஒவ்வொருவரும் எங்கள் மேசையை உரசிக்கொண்டு இரண்டு தரம் நடப்பார்கள்.

கன்சோல்வாசி:
அந்தக் கழிப்பறையை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. செங்கல்சூளை சார், ஒரு சந்தேகம். ஏசி பைப்புக்குச் சுவரைச் சாய்வாகத் துளைத்தால் போதுமா, மேலே ஈய மூடியும் வேண்டுமா? இப்போது வேறு இடத்தில் வேலை, அங்கே புது அறை போடுகிறார்கள். அடுத்த வாரம் கொத்தனார் வருகிறார். நேற்றே சாக்பீஸோடு போய் ஸ்டாண்டுக்கு நானே குறி போட்டுவிட்டு வந்தேன், அந்தச் சுவருக்குப் பின்னால் காலி மனை.