மறு: டூயல் லாயல்டிக்கு 'இரட்டை விசுவாசம்' சரிப்படுமா?

வணக்கம் நண்பர்களே,

டூயல் லாயல்டி என்ற மருத்துவ அறநெறிச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைப்பது என்ற இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. பரிந்துரைகள் நிறைய வந்துவிட்டன, பாதிக்கு மேல் நல்ல சொற்கள்தான், ஆனால் எந்தச் சொல் எந்தக் கருத்துக்கு என்பது மட்டும் குழம்பிக் கிடக்கிறது. அதனால் சொல்லைத் தொடுவதற்கு முன் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஒரு மருத்துவர் தன் நோயாளிக்குப் பொறுப்பானவர். அதே நேரத்தில் தனக்குச் சம்பளம் கொடுப்பவருக்கோ, உத்தரவு போடுபவருக்கோ, சட்டத்துக்கோ அவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்த இன்னொரு தரப்பு சிறை நிர்வாகமாக இருக்கலாம், ராணுவமாக இருக்கலாம், ஆலை முதலாளி, காப்பீட்டு நிறுவனம், விளையாட்டு அணி, ஏன், பொதுச் சுகாதாரத் துறையாகக்கூட இருக்கலாம். இரண்டு பக்கத்துப் பொறுப்பும் ஒரே ஆள் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும் நிலைக்குத்தான் மருத்துவ அறநெறியில் டூயல் லாயல்டி என்று பெயர். இந்தப் பெயரைப் பரவலாக்கியதில், மனித உரிமைகளுக்கான மருத்துவர்கள் என்ற அமைப்பும் கேப் டவுன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட வழிகாட்டுதலுக்குப் பெரிய பங்கு உண்டு. அது ஏன் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

> நேரடியாக 'இரட்டை விசுவாசம்' என்று போட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். விசுவாசம் மனதில் இருக்கும் சமாச்சாரம். எஜமானிடம் வேலைக்காரன் காட்டுவது, தலைவரிடம் தொண்டன் காட்டுவது, கிறித்தவர்கள் வாயில் வந்தால் இறைநம்பிக்கை. நாம் பேசும் நிலைக்கு மனதில் ஒன்றும் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சிறை அதிகாரியைக் கண்டாலே பிடிக்காத சிறை மருத்துவரும், 'இந்தக் கைதியைத் தனிச்சிறையில் அடைக்கலாமா, உடம்பு தாங்குமா, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்' என்று கேட்கப்பட்டால் இதே சிக்கலில்தான் நிற்கிறார். அவருக்கு அதிகாரி மேல் விசுவாசம் கிடையாது, கட்டுப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். 'இரட்டைப் பற்று', 'இருபற்று' என்று முன்மொழிந்தவர்களுக்கும் இதே பதில். பற்றும் உள்ளத்தைச் சேர்ந்தது.

ஆங்கிலத்தில் மட்டும் லாயல்டி எப்படி நிலைத்தது என்று கேட்கலாம். உலக மருத்துவச் சங்கம் 1949இல் லண்டனில் ஏற்றுக்கொண்ட பன்னாட்டு மருத்துவ அறநெறிக் கோவையில் இந்தச் சொல் இருக்கிறது: நோயாளிக்கு மருத்துவர் முழுமையான லாயல்டியைக் கடன்பட்டிருக்கிறார் என்கிற பொருளில் ஒரு வரி. அந்த வரியின் கனம் 'கடன்பட்டிருக்கிறார்' என்ற வினையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். உணர்ச்சியை யாரும் கடன்பட முடியாது, செய்ய வேண்டியதைத்தான் கடன்பட முடியும். எனவே நம் சொல் கடமை, கடன், கடப்பாடு என்ற குடும்பத்திலிருந்துதான் வர வேண்டும்.

(அதற்காக 'இருகடன்' வேண்டாம். பழந்தமிழில் கடன் என்றால் கடமைதான், மறுக்கவில்லை. ஆனால் இன்று அதைப் படிப்பவர், மருத்துவர் வீட்டுக்கும் காருக்கும் சேர்த்து வங்கியில் வாங்கியிருக்கிறார் என்றுதான் நினைப்பார்.)

> 'இரண்டகம்' என்று அருமையான சொல் நம்மிடமே இருக்கிறது. இரண்டு + அகம். இதைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும்?

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'உண்ட வீட்டுக்கு இரண்டகம்' என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல் துரோகம் என்ற பொருளிலேயே இறுகிவிட்டது, இனி அதைக் கழுவி எடுக்க முடியாது. இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படும் ஒன்று இருக்கிறது. நாம் பெயர் வைக்கப் போவது ஒரு குற்றத்துக்கு இல்லை, ஒரு நிலைக்கு. அந்த நிலையில் இருப்பதாலேயே ஒருவர் தவறு செய்தவர் ஆகிவிட மாட்டார். தொற்றுநோய் கண்ட ஒருவரைப் பற்றிச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கும் மருத்துவர், நோயாளி சொன்னதை வெளியில் சொல்கிறார்தான், ஆனால் அதைச் செய்யாவிட்டால்தான் தவறு. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் தாராசாஃப் வழக்கில் சொன்னதும் இந்த வகைதான்: தன்னிடம் சிகிச்சைக்கு வருபவரால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், அந்த இன்னொருவரைக் காக்கத் தக்க நடவடிக்கை எடுப்பது மனநல மருத்துவரின் கடமை, அங்கே ரகசியம் காப்பது இரண்டாம்பட்சம். மேலே சொன்ன உலக மருத்துவச் சங்கத்தின் அறநெறிக் கோவையை 2022இல் பெர்லினில் திருத்தியபோது, தனி நோயாளியின் நலத்தை முதன்மைக் கடமையாக வைத்துவிட்டு, மக்கள்தொகையின் நலத்துக்கும் வருங்காலத் தலைமுறையின் நலத்துக்கும்கூட மருத்துவருக்குப் பொறுப்பு உண்டு என்று சேர்த்தார்கள். ஆக, இரண்டு பக்கப் பொறுப்பு என்பது தொழிலுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்ட ஒன்று. அதைப் போய் இரண்டகம் என்றால் உலகத்து மருத்துவர் எல்லாரும் இரண்டகர்தான்.

சரி, தென்னாப்பிரிக்காவுக்கு வருகிறேன். நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பீக்கோ 1977இல் காவலில் இறந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதில் மருத்துவர்கள் என்ன செய்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. போர்ட் எலிசபெத்தில் காவல்துறை விசாரணையில் அவருக்குத் தலையில் அடிபட்டு மூளைக் காயம். பார்க்க வந்த மருத்துவர்களில் முதன்மையானவர்கள் இருவர். காயத்துக்கு அடையாளங்கள் கண்ணெதிரே இருந்தன. ஆனாலும் பெரிதாக ஒன்றும் இல்லை என்ற வகையில் எழுதிக் கொடுத்தார்கள், மருத்துவமனையில் சேர்த்தே ஆக வேண்டும் என்று கடைசிவரை நிற்கவில்லை. காவலர்கள் அவரை வண்டியின் பின்பக்கத்தில், உடம்பில் துணி இல்லாமல், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பிரிட்டோரியாவுக்குக் கொண்டுபோனார்கள். செப்டம்பர் 12 அன்று இறந்துபோனார். நாட்டின் மருத்துவக் கவுன்சில் முதலில் அந்த இருவர் மேலும் நடவடிக்கை தேவையில்லை என்று முடித்துவிட்டது. வேறு சில மருத்துவர்கள் விடாமல் நீதிமன்றம் போய், 1985இல் மறுபடி விசாரிக்க வைத்த பிறகுதான் ஒருவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார், இன்னொருவர் கண்டிக்கப்பட்டார். நீக்கப்பட்டவர் பல ஆண்டுகள் கழித்து மன்னிப்புக் கேட்டபோது, தன் சுதந்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து, அரசின், குறிப்பாகக் காவல்துறையின் பக்கமே ஒன்றிப்போய்விட்டதாக ஒப்புக்கொண்டார். அந்த மருத்துவர் அரசு ஊழியர் என்பது குற்றம் இல்லை, காவலில் இருப்பவரைப் பார்க்க யாராவது ஒரு மருத்துவர் போய்த்தான் ஆக வேண்டும். குற்றம், எதிரே கிடந்தவர் தன் நோயாளி என்பதை விட்டுக்கொடுத்தது. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் முதல் நிலையில் இருக்கும் நேர்மையான மருத்துவர்களையும் சேர்த்து அடிக்கிறோம், இரண்டாவதைச் செய்தவர்களுக்கு 'நிலைமை அப்படி' என்று ஒரு சாக்கும் கொடுத்துவிடுகிறோம்.

அதனால் என் பரிந்துரை ஒரு சொல் இல்லை, இரண்டு.

இரண்டு தரப்புக்கும் கட்டுப்பட்டிருக்கும் நிலை: இரட்டைக் கடப்பாடு.
அந்த இரண்டும் நேருக்கு நேர் முட்டிக்கொள்வது: கடப்பாட்டு மோதல்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயரைத்தான் புழங்குகிறார்கள், படிக்கும்போது ஆசிரியர் எதைச் சொல்கிறார் என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்யத் தேவையில்லை.

> 'நலமுரண்' என்று ஏற்கெனவே வைத்திருக்கிறோமே, அதற்குள் இதுவும் அடங்காதா?

அடங்காது. கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்டுக்குத்தான் நலமுரண் என்று வைத்தோம், அது நன்றாகவே ஓடுகிறது. அங்கே மருத்துவருக்குச் சொந்த ஆதாயம் இருக்கிறது: மருந்து நிறுவனம் கொடுத்த வெளிநாட்டுப் பயணம், தான் பங்கு வைத்திருக்கும் ஆய்வகத்துக்கே நோயாளியை அனுப்புவது. பரிசை மறுத்தால், பங்கை விற்றால் முரண் தீர்ந்துவிடும். இரட்டைக் கடப்பாட்டில் அப்படி உதறிவிட்டுப் போக வழி கிடையாது. ராணுவ மருத்துவர் படையைவிட்டு விலகினால் இன்னொரு மருத்துவர் அதே இடத்துக்கு வருவார், அதே சிக்கல் அவருக்கும் வரும். சிக்கல் இருப்பது பதவியில், ஆளிடம் இல்லை. சம்பளம் இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மங்கலான இடம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் ஆலை மருத்துவர் தொழிலாளியின் நுரையீரல் பாதிப்பை எழுதாமல் விட்டால் அதில் இரண்டும் கலந்திருக்கிறது. கலந்திருந்தால் இரண்டு சொல்லையும் எழுதிவிட்டுப் போகலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'இருதரப்புக் கடப்பாடு': இருதரப்பு ஒப்பந்தம், இருதரப்புப் பேச்சுவார்த்தை என்று பழகியதால், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கட்டுப்பட்டவர்கள் என்று தொனிக்கிறது. 'இருவழிக் கடப்பாடு' அதைவிட மோசம். 'இருபாற் கடப்பாடு' என்றால் ஆண் பெண் இருவருக்குமானது என்றுதான் யாரும் படிப்பார்கள். 'ஈரிடக் கடப்பாடு' இலக்கணப்படி சரிதான், ஆனால் வேகமாகப் படிக்கையில் ஈரமான இடம் கண்ணில் படுகிறது. 'இருதலைக்கொள்ளி நிலை' அருமையான தமிழ், கட்டுரையில் தாராளமாக எழுதலாம், ஆனால் எந்தத் தவிப்புக்கும் பொருந்தக்கூடிய தொடர் அது. கலைச்சொல் குறிப்பாக இருக்க வேண்டும்.

> இரட்டை என்றால் இரண்டும் சமம் என்று ஆகிவிடாதா? நோயாளிதானே முதலில்?

இந்த இழையில் வந்த எதிர்ப்புகளில் இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். நோயாளிதான் முதலில், அதில் ஐயமே இல்லை. உலக மருத்துவச் சங்கத்தின் ஜெனீவா உறுதிமொழி 1948இலிருந்து எத்தனையோ முறை திருத்தப்பட்டும் நோயாளியின் நலமே முதல் அக்கறை என்ற வரி அதில் இருந்துகொண்டேதான் இருக்கிறது. அதே சங்கத்தின் 1975ஆம் ஆண்டு டோக்கியோ பிரகடனம், சித்திரவதையில் மருத்துவர் எந்த வகையிலும் பங்கெடுக்கக் கூடாது, சும்மா கூட நிற்கவும் கூடாது என்கிறது. உண்ணாவிரதம் இருக்கும் கைதிகளைப் பற்றிய மால்டா பிரகடனம் 1991இல் வந்தது. தெளிந்த மனதோடு உணவை மறுப்பவருக்கு வலுக்கட்டாயமாக ஊட்டுவதை எந்தச் சூழலிலும் ஏற்க முடியாது என்று பிற்காலத் திருத்தம் சொல்கிறது. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்பதற்காக ஐக்கிய நாடுகள் அவை 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளில், மருத்துவ முடிவை மருத்துவப் பணியாளர்தான் எடுக்க வேண்டும், மருத்துவம் சாராத சிறை அலுவலர் அதைத் தள்ளவோ புறக்கணிக்கவோ கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அதே விதிகளில் இன்னொன்றும் உண்டு: தண்டனை விதிப்பதில் மருத்துவப் பணியாளருக்கு எந்தப் பங்கும் இருக்கக் கூடாது. மேலே சொன்னேனே, தனிச்சிறைக்கு 'தாங்குவார்' என்று கையெழுத்து, அதற்கு இதுதான் பதில்.

ஆனால் எது முதல், எது அடுத்தது என்பதைச் சொல்ல இத்தனை ஆவணங்கள் இருக்கின்றன. அந்த வேலையையும் ஒரு கலைச்சொல்லின் தலையில் கட்ட வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு. 'இரட்டைக் குடியுரிமை' என்கிறோம், இரண்டு நாடும் அவருக்குச் சமம் என்று அதற்குப் பொருள் இல்லை. இரட்டை வேடம், இரட்டை நாக்கு எல்லாம் கெட்ட பெயர்கள்தானே என்று ஒருவர் எழுதியிருந்தார். கெடுத்தது வேடமும் நாக்கும், இரட்டை இல்லை.

எந்தச் சொல்லையும் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும், பட்டியலில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். சில வாக்கியங்கள்:

'அணி மருத்துவரின் இரட்டைக் கடப்பாடு, தலையில் அடிபட்ட வீரரை ஆட்டத்துக்குத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்ற கேள்வியில் வெளிப்படுகிறது.'

'கடப்பாட்டு மோதல் எழும்போது, தான் யார் சார்பில் பரிசோதிக்கிறார் என்பதை மருத்துவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.'

'இரட்டைக் கடப்பாடுள்ள பதவிகளுக்குத் தனி மேற்பார்வை அமைப்பு தேவை.'

எனக்கு மூன்றுமே தடுக்காமல் ஓடுகின்றன. 'இரட்டை விசுவாசமுள்ள பதவிகள்' என்று மூன்றாவதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வரும்.

இரண்டாவது வாக்கியம் இன்னொரு கேள்வியைக் கிளப்புகிறது, அடுத்து அதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். காப்பீட்டுக்காகவோ வேலைக்காகவோ உடல் பரிசோதனைக்கு வந்திருப்பவரை என்னவென்று அழைப்பது? அவருக்கு நோயும் இல்லை, மருத்துவர் சிகிச்சையும் தரப்போவதில்லை, ஆனால் அவரோ எதிரில் இருப்பவர் தன் மருத்துவர் என்று நம்பி எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார். நோயாளி என்றால் பொருந்தவில்லை, 'பரிசோதிக்கப்படுபவர்' நீளமாக இருக்கிறது. அதோடு அந்த இன்னொரு தரப்பை மூன்றாம் தரப்பு என்பதா, மூன்றாமவர் என்பதா? அரசையும் நிறுவனத்தையும் 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் இப்போதைக்கு மூன்றாம் தரப்பு பக்கம்தான் சாய்கிறேன். மருத்துவத்தில் இருக்கும் நண்பர்கள் நடைமுறையில் எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.