செங்குத்து விசை: சரிவில் வரும் சிக்கல்

தக்கலை:
வணக்கம். பதினொன்றாம் வகுப்புப் பயிற்சித்தாள் நாளை அச்சுக்குப் போகிறது. 30 டிகிரி சாய்தளத்தில் 20 கிலோ ரப்பர் ஷீட் கட்டு ஒன்றைச் சீரான வேகத்தில் 5 மீட்டர் இழுத்து ஏற்ற வேண்டும். உராய்வுக் குணகம் 0.2. தளம் தன் பரப்புக்குச் செங்குத்தாகப் பொருளைத் தள்ளும் விசையைச் 'செங்குத்து விசை' என்றதும் பிள்ளைகள் அம்புக்குறியை வானத்தைப் பார்த்துப் போட்டுவிடுகிறார்கள். எடை 200 நியூட்டனையே அதற்கும் வைத்து, வேலை 700 ஜூல் என்கிறார்கள். தளத்துக்குச் செங்குத்தாக எடுத்தால் 173 நியூட்டன்தான். உராய்வு 34.6, சரிவு வழியே எடையின் கூறு 100. இரண்டையும் கூட்டி 5 மீட்டரால் பெருக்கினால் வேலை 673 ஜூல். வேறு சொல் உண்டா?

யாழ்ப்பாணம்:
நாங்கள் படித்தது 'செவ்வன் மறுதாக்கம்'. மேல்நோக்கி நிற்பது நிலைக்குத்து. இரண்டும் குழம்பாது.

நாகர்கோவில்:
செவ்வன் அருமை! செம்மை, செவ்வை எல்லாம் நேர்மைதான். 'செவ்வியான் கேடும்' என்பது குறள்.

குழித்துறை:
அண்ணாச்சி, அதே வள்ளுவர் 'யாழ்கோடு செவ்விது' என்று வளைந்த கொம்பையும் அல்லவா செவ்விது என்கிறார்? தொல்காப்பிய அரங்கேற்றத்தைக் கேட்ட அதங்கோட்டாசான் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை விட முடியாது. என் வகுப்பில் செவ்வன் என்றால் 'கடமையைச் செவ்வனே செய்' என்பார்கள்.

மார்த்தாண்டம்:
மலையாள மீடியத்தில் படித்த பெரியவர்கள் 'லம்பம்' என்பார்கள். ஆனால் அங்கேயும் தூக்குநூல் கோட்டுக்கு அதே சொல்தான். அதே குழப்பம்.

குளச்சல்:
எதற்கு இத்தனை பாடு? வள்ளத்தைக் கரையேற்றும்போது மணல் தாங்குகிறது. 'தாங்குவிசை' என்றால் பிள்ளைகளுக்குப் புரியும்.

குழித்துறை:
சரிவில் நழுவாமல் நிற்கும் பொருளை உராய்வும் சேர்ந்துதானே தாங்குகிறது? இரண்டும் கூடினால்தான் எடைக்குச் சமம். தாங்குவிசை என்றால் எதைச் சொல்கிறீர்கள்?

நாகர்கோவில்:
தாங்கு, தங்கு, தூங்கு மூன்றும் ஒரே வேரா என்று பார்க்கலாம். சங்க இலக்கியத்தில் தூங்குதல் என்றால் தொங்குதல்...

தக்கலை:
ஐயா, தூங்குவதை அப்புறம் பார்ப்போம். அச்சகத்தில் காத்திருக்கிறார்கள். 'தளச் செங்குத்து விசை' என்று போடலாமா?

குளச்சல்:
சரி, போடுங்கள்.

மார்த்தாண்டம்:
எனக்கும் சம்மதம்.

யாழ்ப்பாணம்:
நிலைக்குத்தையும் ஒருக்கால் விளக்கிவிடுங்கோ, அதுவும் போதும்.

நாகர்கோவில்:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. அடுத்த தாளில் சுவரில் சாய்த்த ஏணி வருமே, அதைச் 'சுவர்ச் செங்குத்து விசை' என்பீர்களா?