அஞ்சலகத்தில் மேசை போட்டால் பாஸ்போர்ட் கூட்டம் குறைந்துவிடுமா?

கிண்டிவாசி:
தாலுகாவுக்கு ஓர் அஞ்சலகத்தில் பாஸ்போர்ட் மையம் திறந்துவிட்டால், அப்பாயின்ட்மென்ட் கிடைக்காத பிரச்சினை ஒரே ஆண்டில் தீர்ந்துவிடும் என்று ‘கடலோரத்தான்’ நேற்று இந்த இணைய மன்றத்தில் தீர்ப்பே எழுதிவிட்டார். பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்குள் ஒருமுறையாவது அவர் காலடி வைத்திருப்பாரா என்று ஐயமாக இருக்கிறது. ஏ கவுண்டரில் டிசிஎஸ் என்ற தனியார் நிறுவனத்தின் ஊழியர் படம் பிடித்து, கைரேகை எடுத்து, ஆவணங்களை ஸ்கேன் செய்கிறார். பி கவுண்டரில் அரசு அலுவலர் அசல் சான்றுகளைச் சரிபார்க்கிறார். பாஸ்போர்ட் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவெடுப்பவர் சி கவுண்டரில் இருக்கும் அதிகாரி. மேசையும் கேமராவும் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். சி கவுண்டரில் உட்கார ஆள் எங்கே?

கடலோரத்தான்:
சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் என்று மூன்று மையங்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பவருக்கு, ராமேசுவரத்துக்காரர் ஒருநாள் கூலியை இழந்து மதுரைக்குப் பேருந்தில் போய் வந்த காலம் எப்படித் தெரியும்? 2017 ஜனவரியில் மைசூரிலும் குஜராத்தின் தாகோதிலும் முதல் அஞ்சலக மையங்கள் வந்தன. இன்று நாடு முழுவதும் நானூறுக்கு மேல் இருக்கின்றன. அவை வீண் என்றால் மூடச் சொல்லி மனுப் போடுங்கள், முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.

கிண்டிவாசி:
மூடச் சொன்னது யார்? கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாதபோது கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது உங்கள் வழக்கம். சி கவுண்டரைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஏட்டையா மகன்:
இருவருமே உண்மையான தாமதத்தை விட்டுவிட்டீர்கள். மையத்தில் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அதன்பின் காவல்துறை விசாரணைக்குத்தான் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அது மாநில அரசின் பொறுப்பு. தில்லி அரசு எத்தனை மையம் திறந்தாலும் உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஆள் கூடப்போவதில்லை.

கிண்டிவாசி:
ஆதார், வாக்காளர் அட்டை, பான் அட்டை ஆகியவற்றோடு உறுதிமொழிப் பத்திரமும் கொடுத்தால், முதல்முறை விண்ணப்பிப்பவருக்கும் பாஸ்போர்ட்டை முதலில் வழங்கி விசாரணையைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம் என்று 2016இலேயே வழி செய்துவிட்டார்கள். தந்தையின் வேலையைப் பற்றிப் பெருமை பேசுவதற்கு வேறு விவாத இழை தொடங்கலாம்.

ஏட்டையா மகன்:
என் தந்தையை எதற்கு இழுக்கிறீர்கள்? எல்லோருக்கும் அந்தச் சலுகை கிடைத்துவிடுகிறதா என்பதை மட்டும் வசதியாக மறைத்துவிட்டீர்கள்.

திருச்சி வாசகி:
ஐயா, சண்டைக்கு நடுவே ஒன்று சொல்கிறேன். மையத்தில் என் முன்னால் நின்ற பையனின் பத்தாம் வகுப்புச் சான்றில் பெயருக்கு முன் ஒற்றை இனிஷியல். ஆதாரில் தந்தை பெயர் முழுமையாக, அதுவும் வேறு எழுத்துக்கூட்டலில். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது என்பதால், அலுவலர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை அப்படியே நின்றது. நம் ஊரில் இப்படிப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள்.

கிண்டிவாசி:
நன்றி அம்மா, என் வாதத்தை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். அந்த விரலுக்குச் சொந்தக்காரர் ஒருவர் வேண்டும். சனிக்கிழமைகளில் சிறப்பு முகாம் நடத்தினார்களே, அதற்குப் புதுக் கட்டடமா கட்டினார்கள்? இருந்த ஊழியர்களையே விடுமுறை நாளில் வரவழைத்தார்கள். பி கவுண்டரிலும் சி கவுண்டரிலும் ஆள் சேர்க்காமல் அஞ்சலகங்களில் பெயர்ப்பலகை மாட்டுவது, ஒரே படித்துறைக்கு நான்கு புறமும் பாதை வெட்டுவதைப் போன்றது.

திருச்சி வாசகி:
நான் உங்கள் பக்கம் பேசவில்லை. எங்கள் பகுதிக்கும் மையம் வேண்டும் என்பவள்தான் நான்.

கடலோரத்தான்:
அம்மாவே கைவிட்டுவிட்டார். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான பிசிசி, அதாவது காவல்துறைத் தடையின்மைச் சான்று, விண்ணப்பம் எதிர்பாராமல் பெருகியபோது, 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் என்ன செய்தது? அஞ்சலக மையங்களிலும் அதைப் பெற ஏற்பாடு செய்தது. அமைச்சகத்துக்குப் புரிந்தது கிண்டிக்குப் புரியவில்லை. அதிகாரி பற்றாக்குறைதான் தடை என்றால், சி கவுண்டரையும் டிசிஎஸ்ஸிடமே கொடுத்துவிடலாமே!

கிண்டிவாசி:
இதற்காகத்தான் காத்திருந்தேன். 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 6ஆம் பிரிவு, எந்தெந்தக் காரணங்களுக்காக மறுக்கலாம் என்பதைப் பாஸ்போர்ட் அதிகாரியின் கையில் வைத்திருக்கிறது. ஒரு குடிமகனுக்கு மறுப்புச் சொல்லும் அதிகாரத்தை ஒப்பந்தத்துக்கு விடலாம் என்று எழுதியவர், நாளை நீதிமன்றத்தையும் ஏலத்தில் விடச் சொல்வார்.

கடலோரத்தான்:
கிண்டலாகச் சொன்னதைச் சட்டப் பிரிவால் அடிக்கிறீர்கள். போன ஆண்டு, அவசரமாக பாஸ்போர்ட் பெறும் தத்கால் முறை பற்றிய விவாதத்திலும் இப்படித்தான்: வழக்கமான கட்டணம் 1,500 ரூபாய்க்கு மேல் இன்னும் 2,000 ரூபாய் கட்டுகிறவன் வரிசையைத் தாண்டுவது நியாயமா என்று கேட்டேன், விதிமுறையை ஒட்டிவிட்டு ஓடிவிட்டீர்கள்.

கிண்டிவாசி:
ஓடவில்லை, இழையைப் பூட்டிவிட்டார்கள். பூட்டச் சொல்லிப் புகார் கொடுத்தது யார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஏட்டையா மகன்:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.