ஃபாசில் படிச்சா பொழைக்க முடியுமா? பொண்ணு ஒரே அடம்

அரியலூர்_அப்பா:
வணக்கம். எங்க ஊரு அரியலூர் பக்கம். சின்ன வயசுல ஓடையில நத்தை மாதிரி சுருண்ட கல்லு பொறுக்கி விளையாடுவோம், அது நத்தையே இல்ல, அம்மோனைட்னு ஒரு கடல் பிராணி, இங்கல்லாம் ஒரு காலத்துல கடல்தான்னு எம்பொண்ணு சொல்லித்தான் தெரியும். ப்ளஸ் டூ படிக்கிறா. பி.எஸ்சி ஜியாலஜி எடுத்து ஃபாசில், அதாவது கல்லாப் போன பழங்கால உயிருங்க, அந்த ஆராய்ச்சிக்குத்தான் போவேன்னு நிக்கிறா, அவங்கம்மா நர்சிங் சேருங்கிறா. நம்ம நாட்ல இதையே கடைசி வரைக்கும் தொழிலா பாத்தவங்க இருக்காங்களா, இல்ல கல்ல பொறுக்கிட்டு கடைசில பேங்க் எக்சாம்தானா?

கல்லுமண்டை:
இருக்காங்க சார். அசோக் சாஹ்னி. 1941ல பொறந்தவரு, அமெரிக்காவுல மினசோட்டாவுல பிஎச்டி பண்ணிட்டு திரும்பி வந்து லக்னோ, அப்புறம் சண்டிகர் பஞ்சாப் யுனிவர்சிட்டின்னு வாத்தியார் வேலையிலயே இருந்தாரு. 2003ல ராஜாசாரஸ்னு குஜராத் டைனோசருக்கு பேரு வச்ச டீம்ல அவரும் உண்டு, பேப்பர்ல வந்தது அதுதான். ஆனா எனக்கு புடிச்சது அவரும் சேர்ந்து பண்ண சாணி மேட்டர். மகாராஷ்டிராவுல பிஸ்துராங்கிற ஊர்ல கல்லாப் போன டைனோசர் சாணி கிடைக்கும், அத கரைச்சு மைக்ராஸ்கோப்புல பாத்தா உள்ள புல்லோட சிலிக்கா துகள்! புல்லெல்லாம் டைனோசர் அழிஞ்சப்புறம்தான் பரவுச்சுன்னு நினைச்சிட்டிருந்த நேரம் அது, 2005ல சயன்ஸ் பத்திரிகையில வந்துச்சு. அதுல நம்ம நெல்லுக்கு பங்காளி முறை வர்ற புல்லும் இருந்துச்சாம்.

வேலூர்_வெயில்:
எல்லாம் சரி ப்ரோ, அவரு குடும்பத்த சொல்லலயே. அப்பா ஜியாலஜிகல் சர்வேல ஃபாசில் பாத்தவரு, பெரியப்பா செடி ஃபாசில் ஆராய்ஞ்ச பீர்பால் சாஹ்னி, அவர் பேர்ல லக்னோவுல இன்ஸ்டிட்யூட்டே இருக்கு. தாத்தா ருசி ராம் சாஹ்னி லாகூர்ல கெமிஸ்ட்ரி ப்ரொஃபசர், அந்தக் காலத்துலயே ஜனங்களுக்கு பஞ்சாபியில சயன்ஸ் லெக்சர் குடுத்தவரு. அப்படி வீட்ல பொறந்தவருக்கும் நம்ம வீட்டு புள்ளைக்கும் ஒண்ணா?

கல்லுமண்டை:
நியாயமான கேள்விதான். ஆனா அவர்கிட்ட படிச்சவங்கள பாருங்க, எல்லாருமா சாஹ்னி குடும்பம்? ஸ்டூடண்ட் ஜி.வி.ஆர். பிரசாத்தும் அவரும் சேர்ந்து 1988ல நேச்சர் பத்திரிகையில ஒரு பேப்பர் போட்டாங்க, ஹைதராபாத்துக்கு மேற்கே நஸ்கல்ல டெக்கான் எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவுல இருந்த மண்ண அள்ளி சல்லடையில அலசி அலசி பொறுக்கினதுல மூஞ்சூறு சைஸ் பாலூட்டியோட பல்லு. அரிசி மணிய விட சின்னது. டைனோசர் காலத்தோட கடைசிப் பகுதியான கிரெட்டேசியஸ் காலத்துப் பாலூட்டின்னு இந்தியாவுல அதுதான் முதல்ல கிடைச்சது. பெரிய எலும்பு வேணும்னு அலையாம சின்ன பல்ல தேடுங்கடான்னு புள்ளைங்கள பழக்குனதாலதான் அந்த கூட்டமே வளந்துச்சுன்னு நான் சொல்லுவேன்.

குன்னத்து_குமரி:
அண்ணே, நான் ஜியாலஜி எம்.எஸ்சி. வழிய சொல்றேன். எம்.எஸ்சி முடிச்சா நெட் எக்சாம் எழுதி பிஎச்டி போலாம், இல்லன்னா யூபிஎஸ்சி நடத்துற ஜியோசயின்டிஸ்ட் எக்சாம் எழுதி ஜியாலஜிகல் சர்வே போலாம், அது கவர்ன்மென்ட் வேலை, அண்ணிகிட்ட அத முதல்ல சொல்லுங்க. ஆனா பொய் சொல்ல மாட்டேன், ஃபாசிலுக்குன்னே சீட்டு ரொம்ப கம்மி, எங்க செட்டுல பாதி பேரு கிரானைட், தண்ணி, சிமென்ட்டுன்னு போயிட்டாங்க. இன்னொண்ணு, 2020ல எங்க குன்னத்துல டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப்ல ஓடுச்சே, அது முட்டையே இல்ல, அம்மோனைட்ட சுத்தி இறுகின உருண்டைன்னு எங்கம்மாவுக்கு புரிய வைக்க எனக்கு ரெண்டு நாளாச்சு.

அரியலூர்_அப்பா:
அய்யய்யோ நானும் அத நாலு குரூப்புக்கு ஃபார்வர்ட் பண்ணேனே. பொண்ணுகிட்ட இப்பதான் காட்டுனேன், சாணி கதைய படிச்சிட்டு ஒரே சிரிப்பு. யூபிஎஸ்சின்னதும் அவங்கம்மா கொஞ்சம் எறங்கி வந்திருக்கா. தங்கச்சி, அந்த எக்சாமுக்கு பி.எஸ்சி போதுமா, எம்.எஸ்சி கட்டாயமா?

குன்னத்து_குமரி:
எம்.எஸ்சி கட்டாயம்ண்ணே.