தோட்டம் சொல்லித்தரப் போகிறவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி: உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் மாடித்தோட்டம், பள்ளித்தோட்டம் போடுபவர்களுக்குச் சொல்லித்தர எங்கள் தன்னார்வலர்கள் தயார். ஆனால் பாதிப் பேர் வீடியோ பார்த்துக் கற்றவர்கள், மண்ணில் கை வைத்துப் பழகவில்லை. பூச்சி விரட்டும் வேப்பங்கொட்டைக் கரைசலையே எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, துணியில் முடிந்து இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பால் நிறம் வரும்வரை பிழிய வேண்டும். அப்புறம் கொஞ்சம் காதி சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்ததும் தெளிக்க வேண்டும். ஒருமுறை தானே பிழிந்து பார்த்தவர்தான் அடுத்தவருக்குத் தைரியமாகச் சொல்வார்.

ஆடிப்பட்டத்துக்கு முன் ஒரு ஞாயிறு போதும். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? குழுவாக வர யாரிடம் கேட்கலாம்? பதியம், ஒட்டுக்கட்டுதல் சொல்லித்தரும் ஏற்காடு நர்சரிக்காரர்கள் தெரிந்தாலும் சொல்லுங்கள். இடமும் மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.